இரண்டாம் தட்டும் நான்காம் தட்டும்: ஏர்ல் பால்மரின் தொழில் வாழ்க்கை



இசைக்கலைஞர் ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு வகுத்திருக்கும் வரையறை. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஏர்ல் பால்மர். 1924 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்து, 2008 செப்டம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவில் காலமான டிரம்ஸ் கலைஞர். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நேரக்கணக்கில் அழைக்கப்பட்டு, அன்றைக்கு யார் பாட்டோ அதற்கு வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போவது அவர் தொழில். செஷன் டிரம்மர் என்பார்கள். நம் சினிமா வாத்தியக்காரர்கள் கால்ஷீட் கணக்கில் வாசிப்பார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

ராக் அண்ட் ரோல் வரலாறு எழுதுகிறவர்கள் பாடகர்களின் பெயரை வைத்தே எழுதுகிறார்கள். எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டொமினோ என்று வரிசை போகும். தயாரிப்பாளர்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பெயர், வந்தால், அடைப்புக்குறிக்குள் வரும். அந்த இசையை மற்ற இசைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் தாளம் என்றால், அந்தத் தாளத்தை முடிவு செய்தவர் அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்படி நியாயம்? பால்மர் செய்த வேலைக்கு இசையமைப்பு என்றுதான் பெயர். அதைக் கூலிவேலையாகப் பதிவு செய்த சட்டமும் வணிகமும் அவருக்குப் பெரும் கடன் பட்டிருக்கின்றன. இதுவே என் கட்சி.

பால்மர் பிறந்தது ட்ரெமே என்ற பகுதியில். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பேட்டை அது. யாராவது இறந்துபோனால் பித்தளை வாத்தியக் குழு சவ ஊர்வலத்தோடு மெதுவாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்புகையில் அதே குழு துள்ளலாக வாசிக்கும். தெருவில் இருப்பவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டு ஆடுவார்கள். அந்த ஊர்வலத்தில் பெரிய பாஸ் டிரம்மை ஒருவர் சுமப்பார், சின்ன ஸ்நேர் டிரம்மை இன்னொருவர். இருவர் நடந்துகொண்டே உரையாடுகிற வாசிப்பு அது. பின்னாளில் டிரம்ஸ் செட் என்ற ஏற்பாடு வந்து, ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் வலக்காலால் பாஸ் டிரம்மையும் கையால் ஸ்நேரையும் இயக்க முடிந்தபோதும், நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் வாசிப்பில் அந்த இருவர் உரையாடல் அழியவில்லை. பால்மரின் பதிவுகளில் பாஸ் டிரம்மை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். அது நடக்கிறது.

அவர் முதலில் வாசித்தது கால்களால். அம்மாவும் பெரியம்மா முறையினரும் கறுப்பினப் பார்வையாளர்களுக்கான வாட்வில் மேடைகளில் ஆடிப் பாடிப் பிழைத்தவர்கள். ஐந்து வயதில் பால்மர் டேப் நடனக்காரனாக அந்த மேடையில் ஏறினார். ப்ளூஸ் பாடகி ஐடா காக்ஸின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். டேப் நடனத்தில் செருப்பின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடு இருக்கும். ஆட்டக்காரர் தரையைத் தாளக்கருவியாக்கிக்கொள்வார். ஒரு சுற்றை எங்கே முடிக்க வேண்டும், கூட்டம் கைதட்டுவதற்கு எங்கே இடம் விட வேண்டும், பாடகர் மூச்செடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரு குழந்தை பத்து வயதுக்குள் உடம்பால் கற்றுக்கொண்டது. குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிக் கல்வி முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அமெரிக்க ராணுவம் அப்போது நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது. கறுப்பினச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குச் சுமை ஏற்றும் வேலையே கிடைத்தது. பால்மருக்கு வெடிமருந்துப் பெட்டிகளைக் கையாளும் வேலை. அந்தப் போரால் அவருக்கு ஒரே ஒரு நன்மை வந்தது. 1944இல் இயற்றப்பட்ட முன்னாள் படைவீரர் சட்டத்தின்படி கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஊர் திரும்பியவர் அந்தப் பணத்தில் நியூ ஆர்லியன்ஸின் குரூனவால்ட் இசைப்பள்ளியில் சேர்ந்து பியானோவும் தாள வாத்தியமும் பயின்றார். நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டார்.

இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஊரில் கேள்வி ஞானத்தால் வாசித்த அருமையான டிரம்மர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கையின் சுகம் பால்மருக்குக் குறைந்ததல்ல. ஆனால் பத்தாண்டு கழித்து, ஹாலிவுட்டில் நாற்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவே உட்கார்ந்து, அதுவரை கண்ணால் பார்த்திராத தாளை முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வாசிக்க வேண்டிவந்தபோது, அந்த நாற்காலியில் உட்கார முடிந்தவர்களில் பால்மர் ஒருவராக இருந்தார். ராக் அண்ட் ரோல் டிரம்மர் என்றதும் படிப்பறியாத முரட்டுக் கை என்று ஒரு சித்திரம் பலர் மனத்தில் இருக்கிறது. அந்த வாசிப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் முறையாகப் படித்தவர், ஜாஸை உயிராக நினைத்தவர்.

1947 வாக்கில் டேவ் பார்த்தலமியூ என்ற டிரம்பெட் கலைஞரின் குழுவில் சேர்ந்தார். பார்த்தலமியூ குழுத் தலைவர் மட்டுமல்ல. பாட்டு எழுதுவார், இசை ஒழுங்கு செய்வார், புதுப் பாடகர்களைத் தேடிப் பிடிப்பார். குழு அவர் கையில் கண்டிப்பாக இருந்தது. அந்தக் குழுதான் ஊரின் ஒலிப்பதிவுக் குழுவும் ஆயிற்று. பதிவு நடந்த இடம் ஜே அண்ட் எம் ஸ்டுடியோ. ராம்பார்ட் தெருவும் டுமேன் தெருவும் சந்திக்கும் மூலையில் இசைத்தட்டும் வீட்டு உபயோகப் பொருளும் விற்கும் கடை. அதன் பின்புறத்தில் ஒரு சின்ன அறை. நடத்தியவர் காசிமோ மட்டாஸா என்ற இளைஞர்.

அந்த அறையில் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று தெரிந்தால்தான் டிரம்மரின் பொறுப்பு விளங்கும். இன்று ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனிப் பாதையில் பதிந்துவிட்டுப் பிறகு கூட்டிக் குறைக்கிறோம். அன்று அதெல்லாம் கிடையாது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய மைக்குகளுக்கு முன்னால். யாருடைய சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஆட்களை மைக்குக்கு அருகிலும் தொலைவிலும் நிறுத்தித்தான் தீர்மானிக்க முடியும். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து. அறையிலேயே உரத்த வாத்தியம் டிரம்ஸ். அது எந்த மைக்கிலும் புகுந்துவிடும். ஆகவே பாட்டின் ஒலியளவைச் சமன்செய்யும் பொறுப்பில் பாதி டிரம்மரின் மணிக்கட்டில் இருந்தது.

1949 டிசம்பர் 10. இம்பீரியல் நிறுவனத்துக்காக ஒரு புதுப் பையனைப் பதிவு செய்கிறார்கள். 21 வயது, பருத்த உடம்பு, பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர். ஃபேட்ஸ் டொமினோ. பாட்டு ‘தி ஃபேட் மேன்’. பழைய ப்ளூஸ் பாட்டொன்றின் மெட்டில் புது வரிகளைப் போட்டுச் செய்தது.

நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் ஸ்நேர் டிரம்மை ஓங்கி அடிப்பதைப் பேக்பீட் என்கிறார்கள். அந்த அடி பால்மர் கண்டுபிடித்ததல்ல. தேவாலயப் பாட்டில் மக்கள் அங்கேதான் கைதட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸிலும் அது உண்டு. ஆனால் கடைசிச் சுற்றில், எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மட்டும். அதுவரை டிரம்மர் அடக்கி வாசிப்பார். பால்மர் என்ன செய்தார் என்றால், அந்தக் கடைசிச் சுற்று அடியை எடுத்து ‘தி ஃபேட் மேன்’ பாட்டில் முதலிலிருந்து இறுதிவரை வைத்தார். அந்தப் பாட்டுக்கு வலுவான பின்னடி தேவைப்பட்டது, பழைய ஜாஸின் கடைசிச் சுற்று நினைவுக்கு வந்தது, என்றே பின்னாளில் காரணம் சொன்னார்.

பதிவைக் கேட்டால் காரணம் புரியும். டொமினோவின் இடக்கை பியானோவின் கீழ்க்கட்டைகளில் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கிறது. குரல் அதன் மேலே இலேசாக மிதக்கிறது. நடுவில் வார்த்தையை விட்டுவிட்டு எக்காளம்போல் உச்சக் குரலில் ஒலியெழுப்புகிறார். இந்த உருளலைக் கட்டிப்போட ஏதாவது வேண்டும். நயமாக, மெதுவாக வாசித்தால் பியானோ விழுங்கிவிடும். கூடுதல் அலங்காரம் செய்தால் குரல் மறைந்துவிடும். இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு என்று ஒரே இடத்தில், ஒரே கனத்தில், மூன்று நிமிடத்துக்குக் குறைவான பாட்டு முழுக்க அடித்தால் போதும். அப்படி அடிக்கலாம் என்று முடிவெடுக்க ஜாஸ் கலைஞர் ஒருவர் தன் கைவண்ணத்தையெல்லாம் பையில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. உச்சத்துக்கென்று காத்துவைத்த அடியை முதலிலேயே கொடுத்துவிட்டால், பாட்டு தொடங்கும்போதே கடைசிச் சுற்றில் இருக்கிறது. கேட்பவரின் கால் முதல் வரியிலேயே எழுந்துவிடும். இன்று உலகெங்கும் ஜனரஞ்சக இசையில் அந்த இரண்டாம் தட்டும் நான்காம் தட்டும் இல்லாத பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த ஆறேழு ஆண்டு அந்தச் சின்ன அறையில் நடந்தவற்றை வேகமாகக் கடந்துபோகிறேன். 1952இல் லாயிட் பிரைஸின் ‘லாடி மிஸ் கிளாடி’. டொமினோவின் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக. இன்னும் எத்தனையோ பேர். என்னை நிறுத்திவைப்பது 1955 செப்டம்பரில் அங்கே வந்து இறங்கிய லிட்டில் ரிச்சர்ட்.

ஸ்பெஷால்டி நிறுவனத்தின் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் அவரை அழைத்து வந்திருந்தார். இரண்டு நாள் பதிவு. ப்ளூஸ் பாட்டுகளைப் பாடவைத்தார்கள். எதிலும் உயிர் இல்லை. இரண்டாம் நாள், செப்டம்பர் 14, இடைவேளைக்கு டியூ டிராப் இன் என்ற விடுதிக்குப் போனார்கள். அங்கே ஒரு பியானோ இருந்தது. ஆட்களைப் பார்த்ததும் ரிச்சர்டுக்கு உற்சாகம் பிறந்து, இரவுக் கேளிக்கை விடுதிகளில் பாடும் கொச்சையான பாட்டொன்றை எடுத்துவிட்டார். பிளாக்வெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாரத்தி லாபாஸ்ட்ரி என்ற இளம்பெண்ணை அழைத்து வரிகளைச் சுத்தப்படுத்தி எழுதச் சொல்லி, மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் சில டேக்குகளில் பதிந்து முடித்தார்கள். ‘டூட்டி ஃப்ரூட்டி’ பிறந்த கதை இது. பல நூல்களில் இருக்கிறது.

நூல்களில் குறைவாகப் பேசப்படுவது தாளத்தில் நடந்த மாற்றம். கர்நாடக இசை அறிந்த இந்த அவைக்கு அதை விளக்குவது எளிது. அதுவரை ஜாஸிலும் ப்ளூஸிலும் ஓர் எண்ணிக்கையை மூன்றாகப் பகுத்து நடுவிலுள்ளதை ஒலிக்காமல் விடுவார்கள். ‘தகிட’ என்பதில் ‘கி’யை மௌனமாக்கி, நீளம் குட்டை, நீளம் குட்டை என்று நொண்டிக்கொண்டு போகும் நடை. ஷஃபிள் என்றும் ஸ்விங் என்றும் பெயர். திஸ்ர நடையின் சாயல் அது. லிட்டில் ரிச்சர்ட் பியானோவில் வலக்கையால் அடித்தது அப்படி இல்லை. எண்ணிக்கைக்கு இரண்டு, சமமாக: தக, தக, தக, தக. ஆவேசமாக, ஆவர்த்தத்துக்கு எட்டு அடி.

பால்மர் ஷஃபிளில் வளர்ந்தவர். அவர் கை தானாக அங்கே போகும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பியானோவை உடைக்கிற வேகத்தில் நேர்நடையில் அடிக்கிறார். அதற்கு எதிராக நொண்டிநடையில் வாசித்துப் பிழைக்க முடியாது, அந்த வலக்கைக்கு இணங்கப்போய்த்தான் என் வாசிப்பு நேரானது என்ற பொருளில், எழுத்தாளர் டோனி ஷெர்மனிடம் பால்மர் சொல்லியிருக்கிறார். ஷெர்மன் அவர் வாய்மொழியைத் தொகுத்து 1999இல் ‘பேக்பீட்’ என்ற நூலாக்கினார். டிரம்ஸ் பயிலும் மாணவர்கள் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய நூல்.

‘டூட்டி ஃப்ரூட்டி’ பதிவை இன்று கேட்டால் இரண்டு நடையும் ஒன்றோடொன்று உரசுவது காதில் விழுகிறது. பியானோ ஒரு பக்கம் நேராக ஓட, தாளத்தில் இன்னும் பழைய ஊஞ்சலின் மிச்சம் இருக்கிறது. 1957இல் வெளிவந்த ‘லூசில்’ பாட்டுக்கு வந்தால் சண்டை முடிந்துவிட்டது. எல்லோரும் நேர்நடைக்கு வந்துவிட்டார்கள். இடைப்பட்ட பதிவுகளை வரிசையாக வைத்துக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஒரு தலைமுறையின் தாள உணர்வு ஒரு நடையிலிருந்து இன்னொரு நடைக்குக் குடிபெயர்வதை, பாட்டுப் பாட்டாக, கிட்டத்தட்ட மாதக் கணக்கில் பின்தொடர முடிகிறது. திஸ்ரமும் இல்லாமல் சதுஸ்ரமும் இல்லாமல் நடுவில் ஓரிடத்தில் நிற்கும் வாசிப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தாளில் எழுத முடியாது. எழுதினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்த்துத்தான் எழுத வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் சுகமே அந்த நடுவிடத்தில்தான் இருக்கிறது என்று என் காது சொல்கிறது.

லிட்டில் ரிச்சர்டின் மேதைமையை இது குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். தூண்டியது அவர் கை. ஆனால் பியானோக்காரர் நேர்நடையில் வாசித்துக்கொண்டிருக்க, டிரம்மர் பிடிவாதமாகத் தன் பழக்கத்திலேயே நின்றிருந்தால், அது ஒரு பாடகரின் தனிப்பாணியாக மட்டும் நின்றுபோயிருக்கும். டிரம்மர் ஏற்றுக்கொண்டதால் அது ஒரு தாளமாயிற்று. பிறகு வந்த எந்தக் குழுவும் எடுத்துக் கையாளக்கூடிய பொதுச்சொத்தாயிற்று.

1957இல் பால்மர் நியூ ஆர்லியன்ஸை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். அலாதீன் நிறுவனத்தில் வேலை கிடைத்தது ஒரு காரணம். இன்னொன்று, அவர் சேர்ந்து வாழ விரும்பிய பெண் வெள்ளையினத்தவர். லூசியானா மாநிலச் சட்டம் அத்தகைய திருமணத்தைத் தடைசெய்திருந்தது. கலிஃபோர்னியாவில் 1948இலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. நாடு முழுமைக்கும் நீங்க 1967 ஆயிற்று. ஊரின் மிகச் சிறந்த டிரம்மரை அந்த ஊரின் சட்டம் வெளியே அனுப்பிவைத்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்குக் கதவு திறந்திருந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் கிளைகள் பல நகரங்களில் நிறவாரியாக இரண்டிரண்டாக இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பினத்தவருக்கு 767ஆம் கிளை. சினிமா, தொலைக்காட்சி வேலையெல்லாம் 47ஆம் கிளைக்காரர்களுக்கே போய்ச் சேரும். கறுப்பினக் கலைஞர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து போராடி, 1953இல் இரண்டு கிளைகளும் ஒன்றாயின. பால்மர் ஐந்தாண்டு முன்னால் வந்திருந்தால் அவர் படித்த நொட்டேஷன் சங்கத்தின் வாசலைத் தாண்டியிருக்காது.

அங்கே வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு செஷன் என்பது 3 மணி நேரம். அதற்குள் 15 நிமிடத்துக்கு மேற்படாத முடிந்த இசையைப் பதியலாம் என்பது சங்க விதி. நடைமுறையில் நான்கு பாட்டு. ஊதியம் சங்கம் நிர்ணயித்தது. பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அதே தொகை, ஒரு தட்டுகூட விற்காவிட்டாலும் அதே தொகை. உள்ளே வரும்வரை என்ன பாட்டென்று தெரியாது. சில நேரம் முழுமையாக எழுதிய தாள் இருக்கும். பல நேரம் சுரக்கட்டுகளின் பெயர் மட்டும் கிறுக்கிய ஒரு துண்டு. டிரம்மருக்கு அதில் ஒன்றும் இருக்காது. பாடகர் ஒரு தடவை பாடிக் காட்டுவார். அடுத்த தடவைக்குள் டிரம்மர் முடிவு செய்தாக வேண்டும்: குச்சியா பிரஷ்ஷா, சிம்பலா ஹை-ஹாட்டா, எங்கே நுழைவது, சரணத்துக்கு முன் ஓர் உருட்டு வேண்டுமா, வேண்டாமா. பாட்டை எழுதியவருக்கு மாதங்கள் கிடைத்திருக்கும். இவருக்குக் கிடைப்பது அந்த ஒரு ஒத்திகை.

1958இல் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் பதினேழு வயது ரிச்சி வேலன்ஸ், மெக்ஸிகோவின் வேராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாடல் ஒன்றை மின்கிதாரில் பாடினார். ‘லா பாம்பா’. நாட்டுப்பாடலின் தாளத்தை அப்படியே வைத்தால் ராக் அண்ட் ரோல் ஆகாது. ராக் அண்ட் ரோலாக அடித்தால் நாட்டுப்பாடலின் துள்ளல் செத்துவிடும். பால்மர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸுக்கும் கரீபியக் கரைக்கும் இடையே பழைய கடல்வழி உறவு உண்டு. ட்ரெமேயின் ஊர்வல பாஸ் டிரம்மில் அந்த உறவு ஒலிக்கும். லத்தீன் தாளம் அவருக்கு அயல்வீடு அல்ல. அதே ஆண்டு எடி காக்ரனின் ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ பாட்டுக்கும் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் என்று நம்பச் சிரமமாக இருக்கும். நல்ல ஸ்டுடியோ வாத்தியக்காரருக்கு இதைவிட வேறு பாராட்டு இல்லை.

1964இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய ‘யூ’வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’’ பதிவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அதை மிக மெதுவான காலப்பிரமாணத்தில் வைத்தார். பாட்டை எழுதியவர்களில் ஒருவரான பேரி மேன் முதன்முதலில் கேட்டபோது, தட்டு தவறான வேகத்தில் சுழல்வதாகவே நினைத்தாராம். நீளம் 3 நிமிடம் 45 நொடி. வானொலிக்காரர்கள் நீண்ட பாட்டைப் போடமாட்டார்கள் என்று பயந்து, தட்டின் சீட்டில் 3 நிமிடம் 5 நொடி என்று அச்சிட்டார் ஸ்பெக்டர்.

விளம்பக் காலத்தில் வாசிப்பது எவ்வளவு கடினம் என்று மிருதங்கம் பயிலும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது; கை முந்தப் பார்க்கிறது. மேலே எதிரொலி அறையில் பெருகிய ஒரு பெருங்கூட்டமே நிற்கிறது, கிதார்கள், பியானோக்கள், தந்தி வாத்தியங்கள், கூட்டுக்குரல்கள். அடியில் பால்மர் பாட்டை ஒரு மயிரிழைகூட ஓடவிடாமல் பிடித்திருக்கிறார். நடுவே இரைச்சலெல்லாம் அடங்கி இரு பாடகர்களும் மாறிமாறிக் கெஞ்சும் பகுதியில் தாளம் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது, அங்கிருந்து எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று கவனியுங்கள். 1966இல் ஐக், டினா டர்னர் பெயரில் வந்த ‘ரிவர் டீப், மவுண்டன் ஹை’ பாட்டை ஸ்பெக்டரின் உச்சம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே வாத்தியங்களின் நெரிசலில் வாசிப்பவர்கள் மூழ்கிவிடுகிறார்கள். 1964 பதிவில் பால்மர் மூச்சுவிட இடம் இருந்தது.

அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் டிரம்ஸ் வேலையில் பெரும்பங்கு பால்மரும் ஹால் பிளேனும் பார்த்தார்கள். பிளேன் வயதில் நான்கைந்து ஆண்டு இளையவர். பால்மரை முன்னோடியாக மதித்தவர். ஜான் அண்ட் டீன் பதிவுகளில் இருவரும் இரண்டு செட்டில் உட்கார்ந்து ஒரே வாசிப்பை ஒன்றாக வாசித்திருக்கிறார்கள். பகலில் பாட்டு, மாலையில் தொலைக்காட்சித் தொடருக்கு, இடையில் சினிமாப் பின்னணி. சினிமாவுக்கு வாசிக்கும்போது காதில் ஹெட்ஃபோன், அதில் கடிகாரம்போல் டிக்டிக் என்று ஒரு சத்தம். திரையில் ஓடும் காட்சியின் நீளத்துக்கு இசை இம்மி பிசகாமல் பொருந்த அந்த ஏற்பாடு. ஃபிராங்க் சினாட்ராவுக்கும் வாசித்தார், 1978இல் டாம் வெயிட்ஸின் ‘ப்ளூ வாலன்டைன்’ தொகுப்புக்கும் வாசித்தார், 1986இல் எல்விஸ் கோஸ்டெல்லோவின் ‘கிங் ஆஃப் அமெரிக்கா’வுக்கும் வாசித்தார். மனம் மட்டும் ஜாஸில். முதுமையிலும் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி விடுதிகளில் சின்னக் குழுவோடு ஜாஸ் வாசித்துவந்தார். தன்னை ராக் டிரம்மர் என்று உலகம் அழைத்ததை அவர் மறுத்ததில்லை. அதைத் தன் அடையாளமாக அவர் எண்ணியதும் இல்லை.

எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஐம்பதுகளின் 45 சுற்றுத் தட்டில் வாத்தியக்காரர் பெயர் அச்சிடும் வழக்கமே இல்லை. தெரியவருவது சங்கத்தின் ஒப்பந்தத் தாள்களால். ஒவ்வொரு செஷனுக்கும் தேதி, ஸ்டுடியோ, வந்தவர் பெயர், தொகை எழுதிச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். சம்பளப் பட்டுவாடாவுக்காக எழுதிய அந்தக் காகிதங்கள் இன்று இசை வரலாற்றின் முதல் ஆதாரமாகிவிட்டன. தாள் கிடைக்காத பாட்டுகளில் யார் வாசித்தார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. இசைத்துறை ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: மேடையைப் பற்றி எழுதுங்கள், ராகத்தைப் பற்றி எழுதுங்கள், கூடவே சம்பளப் பதிவேடுகளையும் தேடிப் பாதுகாத்து வையுங்கள்.

ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 1986இல் முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்தபோதே ஃபேட்ஸ் டொமினோவும் லிட்டில் ரிச்சர்டும் இடம்பெற்றார்கள். வாத்தியக்காரர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்க 2000 ஆயிற்று. அவ்வாண்டு ஐவர்: ஹால் பிளேன், சாக்ஸஃபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸ், பாஸ் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், ஏர்ல் பால்மர். கர்ட்டிஸும் ஜேமர்சனும் அப்போது உயிரோடு இல்லை. பால்மருக்கு வயது 75. பதினான்கு ஆண்டுத் தாமதத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மரியாதை தாமதமாகவாவது வந்தது. பணம்? 1999இல் அமெரிக்க உரிமத்தொகை அமைப்பான பி.எம்.ஐ., இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டு வானொலி, தொலைக்காட்சிகளில் மிக அதிகமாக ஒலித்த பாட்டு எதுவென்று அறிவித்தது. ‘யூ’வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’’. 80 லட்சம் தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவைக்கும் பாட்டை எழுதியவர்களுக்கும் பதிப்பாளருக்கும் உரிமத்தொகை உண்டு. வாசித்தவருக்கு அந்த 3 மணி நேரச் சம்பளம். அமெரிக்காவில் வழக்கமான வானொலி ஒலிபரப்புக்குப் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்பது அன்றும் இன்றும் சட்டம். பல நாடுகள் ஒலிபரப்பில் நிகழ்த்துகலைஞருக்குப் பங்கு தரும்போது அமெரிக்கா இதில் விலகி நிற்கிறது.

பால்மர் இதைப் புலம்பிக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. முன்பு கறுப்பினத்தவரைச் சேர்க்காத அதே 47ஆம் கிளையில் 1982இல் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1984இல் தோற்றார். 1990இல் மறுபடி நின்று வென்றார். ஓய்வூதியம், மறுபயன்பாட்டுத் தொகை, உறுப்பினர் கணக்கு என்று பாட்டுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் வேலை. வாத்தியக்காரரின் முதுமை அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1995இல் அமெரிக்க நாடாளுமன்றம் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் நிகழ்த்துகலைஞர் உரிமையை ஏற்றது. வசூலில் 50 விழுக்காடு பதிவின் உரிமையாளருக்கு, 45 விழுக்காடு தட்டில் பெயர் போட்ட கலைஞருக்கு, எஞ்சிய 5 விழுக்காடு பின்னால் வாசித்தவர்களுக்கும் கூட்டுக்குரல் பாடியவர்களுக்கும் சேர்த்து. அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை. 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவானவை கூட்டாட்சிக் காப்புரிமைக்குள் வரவில்லை. ‘தி ஃபேட் மேன்’, ‘டூட்டி ஃப்ரூட்டி’, ‘லூசில்’, ‘லா பாம்பா’, ரைட்டியஸ் பிரதர்ஸ் பாட்டு, எல்லாம் அந்தத் தேதிக்கு முந்தியவை. அவற்றின் டிஜிட்டல் ஒலிபரப்புக்கும் தொகை தந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது 2018 அக்டோபரில். பால்மர் மறைந்து அப்போது பத்தாண்டு முடிந்திருந்தது. வழக்கமான வானொலிக்கான சட்டம் இன்னும் மாறவில்லை.